கருமுத்து என்ஜின் மவுண்டிங் மாற்றிய கதை

ஒரு காட்டில் தார் ரோடு வந்தது. ரோட்டுக்குப் பின்னாலேயே ஆறு சிக்னல்களும் வந்தன. அந்த ரோட்டின் மேற்கு முனையில் கருமுத்து என்ற கரடியும் அவன் மனைவி பேச்சியம்மாளும் குடியிருந்தார்கள். கருமுத்துவுக்குத் தேன் தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வேலை. காலையிலிருந்து மாலைவரை தேனை நக்கிப் பார்த்து, படிவத்தில் 'தேன்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். பேச்சியம்மாள் குட்டிகள் பள்ளியில் கணக்கு டீச்சர். இருவரும் தினமும் ஒரே காரில் போய், ஒரே காரில் திரும்புவார்கள்.

காருக்கு ஒன்பது வயது. ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. சிக்னலில் நின்றால்தான் குளிர்ஜுரம் வந்தது போல உதறும். ஸ்டியரிங் நடுங்கும், கண்ணாடி நடுங்கும், கதவுக்குள் எதுவோ கடகடவென்று அடித்துக்கொள்ளும்.

பேச்சியம்மாள் வீட்டு விஷயங்களை அந்த ஆறு சிக்னல்களில்தான் பேசுவாள். வண்டி ஓடும்போது பேசினால் ஓட்டுகிறவனின் கவனம் கலையும் என்பது அவள் கொள்கை. வீட்டுக்குப் போனாலோ கருமுத்து சாப்பிட்டுத் தூங்கிவிடுவான். ஆகவே சிவப்பு விழுந்ததும் அவள் ஆரம்பிப்பாள். அவன் தலையாட்டுவான். பச்சை விழும். இப்படியே ஆறு வருடம் போனது. அந்தக் காட்டில் இவ்வளவு ஒற்றுமையான ஜோடி கிடையாது என்று பேர் வாங்கியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு முள்ளம்பன்றிதான் முதலில் புகார் கொடுத்தது. கருமுத்து காலையில் ரிவர்ஸ் கியர் போடும்போதெல்லாம் வண்டிக்குள்ளிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம் வருகிறதாம். அந்தச் சத்தத்தில் தனக்கு முள் விறைத்து, இதுவரை மூன்று சோபா கிழிந்துவிட்டதாம். குடியிருப்போர் சங்கம் மனுவை ஏற்று, ஏழு நாளில் வண்டியைச் சரிசெய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியது.

கருமுத்து முதலில் ஏசி போட்ட ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனான். டோக்கன் எடுத்து, நாற்பத்தோராவது ஆளாக உட்கார்ந்தான். கையில் டேப்லெட் வைத்திருந்த நரி ஒன்று வந்து வண்டியைத் தொடாமலே பார்த்தது.

"ஸ்பார்க் பிளக் சார்," என்றது.

பிளக்கை மாற்றினார்கள். உதறல் போகவில்லை. வீல் பேலன்சிங் என்றார்கள், அதையும் செய்தார்கள். உதறல் அப்படியே இருந்தது. கடைசியில் நரி வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்து, "இது இந்த மாடலோட சுபாவம் சார். ஐந்து நட்சத்திரம் போட்டுடுங்க," என்று அனுப்பிவிட்டது.

அதன் பிறகுதான் இருளப்பனிடம் போனான். இருளப்பன் ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி. ஆற்றோரம் புளியமரத்தடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். முதுகெல்லாம் செதில் என்பதால் விரிப்பு இல்லாமலே வண்டிக்கு அடியில் சறுக்கிப் போய்விடுவான். 'எப்ப முடியும்?' என்று யாராவது கேட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்வான். அதனால் யாரும் கேட்பதில்லை.

இருளப்பன் பானட்டைத் திறந்து வைத்தான்.

"உள்ள உக்காருங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் மிதிச்சுக்கிடுங்க. முதல் கியர். கிளட்சை லேசா விடுங்க. வண்டி நகரக் கூடாது."

கருமுத்து அப்படியே செய்தான். என்ஜின், தூக்கத்தில் எழுப்பப்பட்டவன்போல ஒரு பக்கம் எழும்பி, 'டொம்' என்று உட்கார்ந்தது.

"இப்ப ரிவர்ஸ்."

மறுபக்கம் எழும்பி உட்கார்ந்தது.

"பார்த்தீங்களா? என்ஜினை வண்டியில நேரா முடுக்கி வைக்க மாட்டாங்க. நடுவுல ரப்பர் வச்ச மவுண்டிங் மூணு இருக்கும். என்ஜின் ஆடுறதை அதுதான் வாங்கிக்கிடும். உங்களுக்கு மூணும் போச்சு." அவன் அடியில் போய், ஒரு டார்ச்சை அடித்துக் காட்டினான். ஒன்றில் ரப்பர் இரண்டாகப் பிளந்திருந்தது. இன்னொன்றிலிருந்து எண்ணெய் கசிந்து வழிந்திருந்தது. மூன்றாவதில் இரும்பு இரும்போடு உரசிப் பளபளத்தது.

"ரொம்ப மோசமானதை மட்டும் மாத்தினா போதாதா?"

"ஒண்ணு மட்டும் புதுசா இருந்தா, மத்த ரெண்டோட சுமையும் அது தலையில விழும். ஆறே மாசத்துல அதுவும் போயிடும். இப்படியே விட்டா ஹோஸ் இழுபட்டுக் கிழியும், சைலன்சர் விரிசல் விடும். மூணையும் மாத்திருவோம்."

என்ஜினின் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்புக்கு அடியில் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் ஜாக்கியை முட்டுக் கொடுத்து, என்ஜினின் பாரத்தைத் தாங்கிக்கொண்டான். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பூட்டினான். எல்லா போல்ட்டையும் முதலில் பாதிதான் முறுக்கினான். ஜாக்கியை இறக்கி, என்ஜினை ஸ்டார்ட் செய்து, அது தன் இடத்தில் சரியாக உட்காரும்வரை ஓடவிட்டு, அணைத்து, அதற்குப் பிறகுதான் இறுக்கினான்.

"போய்ட்டு வாங்க. நாலு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும், பழகிடும்," என்றான்.

திங்கட்கிழமை காலை. முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்றே தெரியவில்லை. வெளியே வேப்பமரத்தில் அணில் ஒன்று போனில் பேசுவதுகூடக் கேட்டது.

பேச்சியம்மாள் வழக்கம்போல ஆரம்பித்தாள். "சின்னத் தம்பியும் சுடலையோடவே நம்ம வீட்டுல வந்து இருக்கட்டும்னு அம்மா சொல்றா. வரச் சொல்லிரவா?"

கருமுத்துவின் தலை அசையவில்லை.

"என்னங்க, கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப ஏன் தலையாட்ட மாட்டேங்கிறீங்க?"

"நான் எதுக்குத் தலையாட்டணும்? ஏற்கெனவே உன் தம்பி சுடலை மூணு வருஷமா ஹால்ல படுத்திருக்கான். யாரைக் கேட்டு வந்தான்னு நானும் மூணு வருஷமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"உங்களைக் கேட்டுத்தான் வந்தான். இதே சிக்னல்ல கேட்டேன். தலையாட்டினீங்க."

"நான் எங்க ஆட்டினேன்? வண்டி ஆடிச்சு."

பச்சை விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற காட்டெருமை ஹாரன் அடித்தது.

"அப்ப இத்தனை நாள் நான் பேசினது?"

"கடகடன்னு சத்தத்துல ஒண்ணும் விழாது பேச்சி. உன் வாய் அசையும். நீ வாய்ப்பாடு சொல்லிப் பார்க்கிறேன்னு நினைச்சுக்கிட்டேன்."

மூன்றாவது சிக்னலில்தான் பேச்சியம்மாள் மறுபடி வாய் திறந்தாள். "மேல படிக்கட்டுமான்னு கேட்டேன். தலையாட்டினீங்க. இந்த வயசுல குட்டிகளோட உக்காந்து பரீட்சை எழுதவான்னு கேட்டேன், அதுக்கும் ஆட்டினீங்க. அந்தத் தைரியத்துலதான் எழுதினேன். போன மாசம் தலைமை டீச்சர் வேலைக்கு மனுப் போட்டதும் அப்படித்தான்." கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆறு வருஷமா நான் என்ஜினோடவா குடித்தனம் பண்ணியிருக்கேன்?"

நான்காவது சிக்னலில் கதவைத் திறந்து இறங்கி, நடந்தே பள்ளிக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் யானை ஷேர் ஆட்டோவில் போனாள். கருமுத்து தனியாக ஓட்டினான். வண்டி வெண்ணெயில் வழுக்குவதுபோல ஓடியது. ஒவ்வொரு சிக்னலிலும் அந்த அமைதியில் உட்கார்ந்து யோசித்தான். அவள் மேலே படிக்கட்டுமா என்று கேட்டது காதில் விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான்? எதற்கு என்று கேட்டிருப்பான். சமையல் யார் பார்ப்பது என்று கேட்டிருப்பான். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றிருப்பான். யோசிக்க யோசிக்க, அந்த ஆறு வருடமும் தன்னைவிடத் தன் என்ஜின்தான் நல்ல புருஷனாக நடந்துகொண்டிருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. அன்று அலுவலகத்தில் மூன்று பாட்டில் வெல்லப்பாகுக்கு 'தேன்தான்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டான்.

வியாழக்கிழமை இருளப்பனிடம் போய் நின்றான். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பானட்டைத் தடவினான்.

"பழைய மவுண்டிங்கைத் திரும்ப மாட்ட முடியுமா?"

இருளப்பன் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு படிவத்தை எடுத்து வந்தான். 'நல்ல பாகத்தைக் கழற்றிக் கெட்ட பாகத்தைப் பொருத்த முழுச் சம்மதம்' என்று அச்சடித்திருந்தது. கீழே காரணத்தைக் குறிக்க மூன்று கட்டங்கள் இருந்தன. குடும்பம், மாமியார், மேலதிகாரி.

"எதுல டிக் போடணும் சார்?"

"இதுக்குன்னு படிவமே வச்சிருக்கியா?"

"வாரத்துக்கு ரெண்டு பேராவது வர்றாங்க. போன வாரம் வந்த மான், புதுசு மாட்டி ஒரு நாள்கூடத் தாங்கலை." அவன் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினான். "உங்க பழசை இன்னொருத்தர் கொண்டுபோயிட்டார். மினி லாரியில கழட்டின செட் ஒண்ணு இருக்கு. அதுல ரப்பர்னு ஒண்ணுமே கிடையாது. ஆனா சொல்லிட்டேன், ஹோஸ் கிழியும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

கருமுத்து 'குடும்பம்' என்ற கட்டத்தில் டிக் போட்டான். 'எப்ப முடியும்' என்று மட்டும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில் பெரிய வரிசை நின்றது. பேச்சியம்மாள் பதினெட்டாவதாக நின்றாள். வரிசைக்கு முன்னால் கருமுத்துவின் கார் வந்து நின்று, இலையெல்லாம் உதிரும்படி உதறியது. அவள் பம்பரைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், உள்ளே துள்ளிக்கொண்டிருந்த கருமுத்துவின் தலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

முதல் சிக்னலில் அவள் பேசவில்லை. இரண்டாவதிலும் பேசவில்லை. மூன்றாவதில் கருமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். ஆறு வருடத்தில் அந்தக் காருக்குள் அவனாக ஆரம்பித்துக் கேட்கும் முதல் கேள்வி அது.

"கோபம் போயிருச்சா பேச்சி?"

அவள் தலை மேலும் கீழும் ஆடியது. கூடவே வாயும் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. கடகடச் சத்தத்தில் ஒரு சொல்லும் அவன் காதில் விழவில்லை. தலை ஆடியதைப் பார்த்துவிட்டான், அதுவே அவனுக்கு நிறைந்துவிட்டது. பச்சை விழுந்ததும் நிம்மதியாக முதல் கியரைப் போட்டான்.

நீதி: வண்டியை ஒழுங்காக வைத்திருப்பவன், வீட்டில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் தானே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.