மைக் செட் நடித்த குழந்தை

புனே நகரத்தில் அவனிடம் உபதேசம் வாங்காமல் தப்பித்த மனிதர் யாரும் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் பல்கலைக்கழகத்தில் சுகாதாரத் தகவல் தொடர்பு படித்த எங்கள் வகுப்பில் அவனுக்குப் பெயர் மைக் செட். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழன். அவன் ரகசியம் சொன்னால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

ஒரு கல்யாணத்தில் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு, "அரே அங்கிள், சோப்பு போட்டீங்களா? நகத்துக்குள்ள தேய்ங்க!" என்று மாப்பிள்ளையின் தாய்மாமனையே திருப்பி அனுப்பினான். அன்று எங்கள் இலைக்குப் பாயசம் வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் கோந்த்வா பக்கம் ஒரு குடிசைப் பகுதியில் வயிற்றுப்போக்கு பரவியது. களப்பணியாகத் தெருநாடகம் போடப் போனோம். நீர் வற்றிய குழந்தையாக மைக் செட். ஆறடி உயரம், மீசை, தலையில் கம்பளிக் குல்லா. "அம்மா, தண்ணி!" என்று இந்தியில் அலறிச் சாய்ந்ததும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அப்போது ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கையில் கல்.

"என் பிள்ளை உள்ளே சாகக் கிடக்குது. உங்களுக்குத் தமாஷா இருக்கா?"

சிரித்த முகங்கள் மாறிவிட்டன. கூட்டம் எங்களை நெருக்கியது. "வா, போயிடலாம்" என்று மைக் செட்டின் சட்டையை இழுத்தேன்.

அவன் நகரவில்லை. "குழந்தை எங்க, பாய்?" என்றான். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

உள்ளே, தாய் மடியில் கண் குழிந்து துவண்டு கிடந்தது குழந்தை. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று காலையிலிருந்து ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. நாடகத்துக்கு வைத்திருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை மைக் செட் காய்ச்சிய தண்ணீரில் கரைத்தான்.

"குடிச்சு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார் தகப்பன். கல்லை இன்னும் கீழே போடவில்லை.

மைக் செட் முதலில் தான் குடித்துக் காட்டினான். பிறகு தாயிடம் கரண்டியை நீட்டினான். "நீங்களே கொடுங்க, பாபி. ஒரு கரண்டி. முழுங்கினதும் அடுத்தது."

குழந்தை விழுங்கியது. உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாதி வழியில், சேற்றில் நின்ற லாரிகளுக்குப் பின்னால் ஆட்டோ மாட்டிக்கொண்டது. குழந்தை குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தது. தகப்பன் மைக் செட்டின் கழுத்தைப் பிடித்தார். அவன் அந்தப் பிடியை விலக்கக்கூட இல்லை.

"கொஞ்சம் பொறுங்க, பாபி. திரும்பவும் கொடுக்கலாம். இன்னும் மெதுவா."

அவள் கணவனைப் பார்க்கவில்லை. கரண்டியை எடுத்தாள். ஆஸ்பத்திரி வாசல்வரை கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

சலைன் ஏற்றினார்கள். மாலையில் உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. மைக் செட் வராந்தாவில் உட்கார்ந்து அதைவிடப் பெரிதாக அழுதான். "யாரது, பேஷன்ட்டெல்லாம் பயப்படறாங்க!" என்று நர்ஸ் ஓடி வந்து அதட்டினார்.

படிப்பு முடிந்ததும் நான் விளம்பர நிறுவனத்துக்குப் போனேன். சிலர் பத்திரிகைக்குப் போனார்கள். அவன் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் தாய்மார்களோடு பேசும் வேலையில் சேர்ந்தான். வார்டை விட்டுப் பட்டமளிப்புக்குக்கூட வரவில்லை. பட்டத்தை நான்தான் கட்கியில் அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவன் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டரும் இல்லங்கறான், கம்பவுண்டரும் இல்லங்கறான். பக்கத்து வீட்டுல கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"என் குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னா நான் முதல்ல இவனைத்தான் கூப்பிடுவேன்னு சொல்லுங்கம்மா" என்றேன். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.