மாமாவின் தீவும் என் சுண்டுவிரலும்

மீன் பிடிப்பவன் மீனைக் காட்டலாம். தபால் முத்திரை சேர்ப்பவன் ஆல்பத்தைக் காட்டலாம். தூரத்து வானொலி பிடிப்பவன் மட்டும் வெறும் இரைச்சலைக் காட்டி, "இதுக்குள்ள ஒருத்தன் பேசுறான், கேக்குதா?" என்று கெஞ்ச வேண்டும். என் வாழ்நாளில் "கேக்குது" என்று சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாக்குக் கேட்க வந்த தேர்தல் வேட்பாளர். மற்றவர் என் மாமனார். வேட்பாளர் சும்மா சொன்னார். மாமனாருக்கு உண்மையாகவே கேட்டது. என் துயரம் அங்கேதான் தொடங்குகிறது.

எனக்கு இருக்கும் வியாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அலை வானொலி பகலில் பக்கத்து ஊரைத் தாண்டாது. பொழுது சாயும்போது அதற்குக் கால் முளைக்கும். கடல் தாண்டி வரும். அந்த நேரத்தில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, யாருக்கும் வேண்டாத நாட்டின் யாருக்கும் வேண்டாத வானிலை அறிக்கையைக் கேட்பதுதான் எங்கள் இன்பம். கேட்டதை நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி என்று எழுதி அந்த நிலையத்துக்கு அனுப்பினால், "ஆமாம், எங்களைத்தான் கேட்டிருக்கிறீர்கள்" என்று ஓர் அத்தாட்சி அட்டை வரும். நிலையத்தின் பெயரைச் சொல்வதைத் தன் காதால் கேட்காதவன் எழுதக்கூடாது. சோதிக்க யாரும் வரப்போவதில்லை. அதனாலேயே அந்த விதியை யாரும் மீறுவதில்லை.

நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். வீடு வத்தேகமயில், தோட்டத்துத் தேயிலை மலைக்குப் பக்கத்தில். அப்போது முப்பத்திரண்டு வயது, பதினொரு அட்டைகள், பெண் கிடைக்கவில்லை. (முதல் இரண்டுக்கும் மூன்றாவதற்கும் தொடர்பு உண்டு என்பது அம்மாவின் கட்சி.)

கடைசியில் நாவலப்பிட்டியில் ரெஜினாவைப் பார்த்தோம். பெரியவர்கள் தேத்தண்ணி குடித்த நேரத்தில் எங்களுக்குப் பதினைந்து நிமிடம் பேசக் கிடைத்தது. அதில் பத்து நிமிடம் நான் மத்திய அலை பற்றிப் பேசினேன். அவள் எழுந்து போகவில்லை. என் பகிடி ஒன்றுக்குச் சிரிக்கவும் செய்தாள். அந்த நிமிடமே நான் விழுந்துவிட்டேன். புறப்படும்போது வாசலில் மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா அடுத்த சனிக்கிழம ஒங்க வீடு பாக்க வருவாங்க. அவங்களுக்குப் பகிடி புடிக்காது. அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வாய அடக்கிக்கிங்க."

"ஒரு நாள்தானே, அடக்கிருவேன்" என்றேன். வாயை அடக்குவதாகத்தான் வாக்குக் கொடுத்தேன். கை காலைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் வினை வந்தது. பசிபிக் பக்கத்துச் சின்னத் தீவு ஒன்றின் வானொலி, மத்திய அலை ஒலிபரப்பை அந்தச் சனிக்கிழமையோடு நிறுத்தப் போவதாக அறிவித்தது. மூன்று வருடமாக நான் துரத்திய நிலையம். நமக்கு மாலை ஆறரை ஆகும்போது அவர்களுக்கு நள்ளிரவு, கடையைச் சாத்திவிடுவார்கள். நமக்குச் சூரியன் இறங்குவதோ ஆறு தாண்டி. இடையில் கால் மணி நேரம்தான் வாசல் திறந்திருக்கும். அந்த மெல்லிய குரலைப் பிடிக்க, கிழக்கைப் பார்த்து நீளமான கம்பி ஒன்று வேண்டும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும், எங்கள் வேலியிலிருந்து தேயிலை மலைக்குள் இருநூறு மீட்டர் செப்புக் கம்பி இழுத்தேன். முழங்கால் உயரத்தில் மூங்கில் குச்சிகளை நட்டு அதன்மேல் கட்டினேன். கம்பியைக் களவெடுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவார்களே என்று பயம் வந்தது. உடனே என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களை எல்லாம் எங்கள் குடும்பம் தனியாக நினைவு வைத்திருக்கிறது.) ஒரு பலகையில் 'தொட்டால் மரணம்' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கீழே ஒரு மண்டையோடு வரைந்தேன். அது பல் முளைத்த பலாக்கொட்டை மாதிரி வந்தது. பரவாயில்லை என்று நட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் பக்கத்தில் காட்டுப்பன்றிக்குக் கரண்ட் கம்பி கட்டும் களவு வேலை ஒன்று உண்டு. அதையும் முழங்கால் உயரத்தில்தான் கட்டுவார்கள். மூங்கில் குச்சியில்தான் கட்டுவார்கள். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் தீவு தெரிகிற கண்ணுக்குக் காலடி தெரியாது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கொழுந்தெடுக்கும் பெண்கள் அந்த மலைக்கு வந்து பலகையைப் பார்த்தார்கள். அப்படியே நின்றுவிட்டார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பொலிசுக்குப் போன் அடித்தார். நான் புதுச் சட்டை போட்டு, முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு மாப்பிள்ளையாகத் தயாரான நேரத்தில், சார்ஜன்ட் ஒருவர் வேலிக்கு அப்பால் நின்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இது ரேடியோ ஏரியல், மாத்தியா. கரண்ட் இல்ல" என்றேன், ஐயா என்பதற்குச் சிங்களத்தில் சொல்லும் 'மாத்தியா'வைச் சேர்த்து.

"அப்போ யார் எழுதினது, தொட்டா மரணம்?"

"நான்தான்."

"யாருக்கு மரணம்?"

"யாருக்கும் இல்ல மாத்தியா. சும்மா."

சார்ஜன்ட் பலாக்கொட்டையை நீண்ட நேரம் பார்த்தார். "சும்மாவா? அப்போ புடிச்சிக் காட்டு."

பிடித்தேன், இரண்டு கையாலும். ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து பெண்கள் கூடையோடு நின்று மூச்சுக் காட்டாமல் பார்த்தார்கள். இப்படி ஒரு சபை, இப்படி ஒரு அமைதி! வாழ்நாளில் எனக்கு இவ்வளவு பேர் காது கொடுத்ததே இல்லை. பகிடிக்காரன் புத்தி எங்கே போகும்? கண்ணை மேலே செருகினேன். பல்லைக் கடித்தேன். தலை முதல் கால் வரை "டடடடட" என்று உதறினேன்.

யாரும் சிரிக்கவில்லை. அலறல்தான் கேட்டது. அதற்கும் மேலே, பாதைப் பக்கமிருந்து ஒரு கம்பீரமான குரல் வந்தது:

"கையால தொடாதீங்க! யாரும் கையால தொடாதீங்க!"

ரெஜினாவின் அப்பா. ரயில்வேயில் முப்பது வருடம் கார்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெயர் சவரிமுத்து. கண்டியில் ரயில் மாறி, சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். கரண்ட் பிடித்தவனை மரத்தால் அடித்துத்தான் விலக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கையிலே மரப்பிடி போட்ட பெரிய குடை. அறுபத்திரண்டு வயது மனிதர் தேயிலைச் செடிகளைத் தாண்டி ஓடி வந்து ஓங்கிப் போட்டார்.

முதல் அடியில் என் வலது சுண்டுவிரல் போனது. இரண்டாவது அடி தேவையே இல்லை. நான் ஏற்கெனவே கம்பியை விட்டுவிட்டேன். மூன்றாவது அடி, "ஐயோ ஐயா, நடிச்சேன்!" என்று நான் கத்திய பிறகு விழுந்தது. அது முதலுதவி அல்ல.

செடிக்குள்ளிருந்து எழுந்து பார்த்தேன். முன்னால் நின்ற செபமாலை அக்கா தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தினமும் எங்கள் வேலியோரம் போகும்போது "என்னா தம்பி, இன்னைக்கி எந்த நாடு?" என்று கேட்கிறவர் அவர்.

"எங்க தம்பி பன்னிக் கம்பியிலதான் போனான்" என்றார். "இப்புடித்தான் ஆடுனான். நானும் இப்புடித்தான் நின்னு பாத்தேன்."

அதுவரை வலித்த விரல் சட்டென்று மரத்துப்போனது. அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருமுகிறவனின் குரல் எனக்குத் தெரியும். வேலிக்கு அப்பால் நடந்தது தெரியாது. கும்பிட முயன்றேன்; ஒரு கை மடங்கவில்லை. ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்து, "அக்கா, தப்பு. பெரிய தப்பு. கம்பிய இப்பவே அவுத்துர்றேன்" என்றேன்.

அக்கா மூக்கைத் துடைத்தார். "எதுக்காகக் கட்டுன?"

தீவைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருந்தது தெரியுமா?

"அந்தப் பேய்ப் பலகையப் புடுங்கு" என்றார் அக்கா. "கம்பி கெடக்கட்டும். அந்தி வரைக்கும் கேட்டுட்டு அவுத்துக்க. ஒடைஞ்ச கையோட இப்ப என்னத்த அவுப்ப?"

சார்ஜன்ட் பலகையைச் சாட்சிப் பொருளாக எடுத்துப் போனார். சவரிமுத்து ஐயா தானே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கட்டுப் போட்டவர் எப்படி நடந்தது என்று கேட்டார். "நான்தான் அடிச்சேன்" என்றார் ஐயா. "நீங்க இவருக்கு யாரு?" என்று அடுத்த கேள்வி வந்தது. ஐயா கூரையைப் பார்த்தார். "அத இன்னும் முடிவு பண்ணல."

திரும்பி வந்தபோது மழை. வளைந்த குடை விரிய மறுத்தது. ஐயாவால் புறப்பட முடியவில்லை. மணி ஆறு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல்புகளும் சார்ஜர்களும் இரைச்சல் போடும் என்பதால் எப்போதும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கேட்பேன். அன்றும் அணைத்தேன். (பெண் வீட்டாரை இருட்டில் உட்காரவைத்த பெருமை எங்கள் வீட்டுக்கே உரியது.) அம்மா சமையலறையில் ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்.

எழுத முடியாத கையைப் பார்த்துவிட்டு ஐயா கேட்டார்: "என்னா எழுதணும்?"

"நேரம் ஐயா. நிமிசத்தோட."

முப்பது வருடம் ரயில் வந்த நேரமும் போன நேரமும் எழுதிய கை. சட்டைப் பையிலிருந்து பேனா வந்தது. கைக்கடிகாரம் மடியில் வந்தது. காது ஒயரில் ஆளுக்கொரு முனை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாமனாராக இன்னும் முடிவாகாதவரும் மாப்பிள்ளையாக இன்னும் முடிவாகாதவனும் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்தோம்.

ஆறு பதினெட்டுக்கு இரைச்சலுக்கு அடியிலிருந்து பாட்டு எழுந்தது. கூட்டமாகப் பாடினார்கள். அமிழ்ந்தது, மறுபடி எழுந்தது. ஐயா எழுதினார். ஆறு இருபத்தேழுக்குப் பாட்டு நின்றது. ஓர் ஆண் குரல் பேசத் தொடங்கியது. இதோ, பெயரைச் சொல்லப் போகிறான்! மூன்று வருடம்! ஆவேசத்தில் மேசையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன்.

வலது கையால்.

"ஐயோ அம்மா!" என்ற என் சத்தம் அடங்கியபோது காதில் இரைச்சல் மட்டுமே இருந்தது. நிலையம் மூடிவிட்டது. ஐயா நிதானமாக எழுதி முடித்து, பெயரை வாசித்துக் காட்டினார். அதே தீவு. அதே நிலையம். இரண்டு முறை சொன்னார்களாம்.

"நீங்க கேட்டீங்களா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லங்க ஐயா. நான் கத்திக்கிட்டு இருந்தேன்."

"அப்ப ஒங்க பேர்ல அனுப்ப ஏலாது."

"ஏலாதுதான்."

இருட்டில் அவர் என்னை முதல் முறையாக நன்றாகப் பார்த்தது போலிருந்தது. வீட்டுக்குப் போய் ரெஜினாவிடம் சொன்னாராம்: "சரியான மடையன்தான். ஆனா கேக்காதத கேட்டேன்னு சொல்ல மாட்டான். கொழுந்தெடுக்கிற பொம்பளகிட்ட மன்னிப்பும் கேட்டான். மத்தத குடையால திருத்திக்கலாம்."

கல்யாணத்துக்கு முன்வரிசையில் செபமாலை அக்கா இருந்தார். பந்தல் மின்விளக்குச் சரத்தை நான் தொடப் போனபோது, "தம்பி, ஆடாத!" என்று அவர் சத்தம் போட்டதில் பாதிரியாரே திரும்பிப் பார்த்தார்.

அத்தாட்சி அட்டை நாவலப்பிட்டிக்கு வந்தது, மாமாவின் பெயருக்கு. தென்னை மரம், நீலக் கடல், அழகான கையெழுத்து. சட்டம் போட்டு ஹோல் சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம், "வானொலி கேக்கிறதெல்லாம் பெரிய வேலையில்ல, மருமகன்தான் வருசக்கணக்கா சும்மா மெனக்கெடுறாரு" என்று சொல்கிறார். நிலையம் மத்திய அலையை நிறுத்திவிட்டது. எனக்கு அந்த அட்டை இனி இந்த ஜென்மத்தில் இல்லை.

எனக்குக் கிடைத்தது குடை. வளைந்தபடியே எங்கள் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நான் பல்ப் மாற்றக் கதிரையில் ஏறினால் மற்ற வீடுகளில் போல யாரும் கதிரையைப் பிடித்துக்கொள்வதில்லை. ரெஜினா சமையலறையிலிருந்து வந்து, குடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ம், மாத்துங்க" என்கிறாள்.