சந்தனம் பூசிய விண்கலம்

விண்கலத்தின் மேல் யாரோ ஐஸ்கிரீமைத் தடவியிருந்தார்கள்.

வெனிலா. கிளமெண்ட் குனிந்து மோந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். நேற்று சிப்ஸ் எண்ணெய், அதற்கு முந்தின நாள் சூயிங்கம். போன வாரம் ஒரு காதலன் சாவியால் இதயம் வரையத் தொடங்கிப் பாதியில் பிடிபட்டிருந்தான்.

"பேயாண்டி, நீ எங்கய்யா போன?"

"இங்கனதான் சார் நின்னேன்" என்றார் காவலாளி பேயாண்டி. "நான் இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் தொடுறாய்ங்க. அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் தொடுறாய்ங்க. சுத்தி வட்டமா இருக்குல்ல சார்."

"தொடாதீர்கள்னு போர்டு வச்சிருக்கோமே."

"அந்தப் போர்டையும் தொட்டுத்தான் சார் பாக்குறாய்ங்க."

விளாங்குடியைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில், மூடிக் கிடந்த ஒரு பஞ்சாலையை வாங்கிப் பஞ்சாபகேசன் என்ற தொழிலதிபர் அமைத்திருந்த வான்வெளி அருங்காட்சியகம் அது. வெளியே பொட்டலில் ஒரு பழைய பயணிகள் விமானம், இரண்டு போர் விமானங்கள், விசிறி கழன்ற ஒரு ஹெலிகாப்டர். உள்ளே, ஒரு காலத்தில் நூல் நூற்ற பெரிய கூடத்தில், ராக்கெட் இன்ஜின்களும் விண்வெளி உடைகளும். எல்லாவற்றுக்கும் நடுவில் மேடை போட்டு, விண்வெளிக்குப் போய்விட்டுக் கடலில் வந்து விழுந்த அந்த ஆளில்லா விண்கலம். ஆள் உயரத்துக்கு மேல், கவிழ்த்து வைத்த ராட்சதப் புனல் மாதிரி வெளுப்பாக நின்றது.

மிஷன் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் கிளமெண்ட். கரும்பலகையில் வரைந்து வரைந்து காட்டிய விண்கலத்தை ஒரு தடவையாவது மதுரைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இங்கே காப்பாளராகச் சேர்ந்த நாளிலிருந்து பெங்களூர் ஆய்வு நிலையத்துக்கு நடையாய் நடந்து, கெஞ்சி, அதை இரவலாக வாங்கியிருந்தார். லாரி வந்து நின்ற அன்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கிருந்து ஆள் வரட்டும் என்று காத்திராமல், தானே கிரேன் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார். அன்று அவர் கண் கலங்கியதைப் பேயாண்டி பார்த்திருக்கிறார்.

பெங்களூர்க்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்கள். கலத்தின் மேல் எதுவும் படக் கூடாது. விரல் பட்ட தடம் தெரிந்தாலும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் ஸ்யாமளா என்ற அதிகாரி நேரில் பார்க்க வருவதாகப் போனில் சொல்லியிருந்தார்.

"கலம் போச்சுன்னா அதே லாரியில நீரும் ஏறிண்டுடும்" என்று முதலாளி பஞ்சாபகேசனும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதைத்தான் இதுவரை செய்திருக்கிறார்.

"சார், நான் ஒண்ணு சொல்லவா?" என்றாள் டிக்கெட் கவுண்டர் பாண்டிமீனா. "எங்க தெரு முக்குல சுவத்துல அம்புட்டுப் பயலும் ஒதுங்குவாய்ங்க. சாமி படம் வரஞ்சு விட்டாங்க. அதுல இருந்து ஒரு பய வர்றதில்ல."

"விண்கலத்துல சாமி படமா? அதுவும் நான் வரையவா? தெரசாவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டா."

"படம் எதுக்கு சார்? ஆயுத பூசைக்கு வாங்கின சந்தனம் மிச்சம் இருக்கு. பொட்டு மாதிரி நாலு எடத்துல வச்சா போதும். எவன் தொடுவான்?"

கிளமெண்ட் யோசித்தார். எதுவும் படக் கூடாதுதான். ஆனால் ஐஸ்கிரீமுக்குச் சந்தனம் மேல். அதிகாரி வருவதற்கு முதல் நாள் துடைத்துவிட்டால் தீர்ந்தது.

சந்தனம் வைத்தார்கள். பாண்டிமீனா தன் பங்குக்கு நடுவில் குங்குமமும் வைத்தாள்.

அன்று முழுவதும் ஒரு கை நீளவில்லை. ஓடி வந்த பிள்ளைகளை அம்மாக்களே இழுத்துப் பிடித்து, "தொடாத, கண்ணக் குத்தும்" என்றார்கள். கிளமெண்ட் கோச்சடையில் இருக்கும் தன் வீட்டுக்கு நிம்மதியாகப் போய், இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் கூடத்தின் வாசலில் செருப்புகள் கிடந்தன.

"யாரு கழட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்" என்றார் பேயாண்டி. "மொதல்ல ஒரு பெரியவர் கழட்டுனாரு. அவரப் பாத்து எல்லாரும் கழட்டிட்டாய்ங்க. நானும் கழட்டிட்டேன்."

உள்ளே, சோழவந்தானில் இருந்து வந்திருந்த அன்னக்கொடி என்ற அம்மாள் கலத்தின் முன்னால் நின்றிருந்தார்.

"தம்பி, இது என்ன சாமி?"

"சாமி இல்லம்மா. விண்கலம். வானத்துக்கு மேல போயிட்டுத் திரும்பி வந்தது."

"அம்புட்டுத் தூரம் போயிட்டுத் திரும்பி வந்துருச்சா?"

கேள்வி கேட்டவுடன் கிளமெண்டுக்குள் இருந்த வாத்தியார் எழுந்துவிட்டார்.

"வந்துருச்சு. அதுவும் சும்மா வரல. கீழ வர்ற வேகத்துல காத்து உரசி, சுத்தி நெருப்பா எரியும்."

"ஆத்தி. இது எரியலையா?"

"எரியல. இங்க பழுப்பா ஒரு கறை தெரியுது பாருங்க, அதுதான் நெருப்புப் பட்ட தழும்பு. பெறகு நேரா கடல்ல விழுந்துச்சு."

"கடல்லயா? முங்கலையா?"

"முங்கல. மெதந்துச்சு. கப்பல்ல போயிப் பத்திரமாத் தூக்கிட்டு வந்தாங்க."

தன் ஆசிரியர் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாகப் பாடம் கேட்ட ஒரு ஆளைக் கிளமெண்ட் பார்த்ததில்லை. அன்னக்கொடியின் கண்களில் நீர் நின்றது.

"எம் மவன் சார்ஜாவுல கெடக்கான் தம்பி. லீவு குடுக்க மாட்டேங்குறாய்ங்க." அவர் கலத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "நெருப்புலயும் தண்ணியிலயும் விழுந்து வந்தவரு நீரு. எம் புள்ளையையும் கொண்டாந்து சேத்துரும்."

அந்த வாரமே மகனுக்கு லீவு கிடைத்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடி எலுமிச்சை மாலையோடு வந்தார். கூடவே ஒரு வேன் நிறைய ஆட்கள். துபாயில் மகன், மலேசியாவில் மருமகன், கப்பலில் வீட்டுக்காரர். அன்னக்கொடி கிளமெண்ட் சொன்ன பாடத்தை ஒரு வரி விடாமல் அவர்களுக்குச் சொன்னார். அவர் சொன்ன கதையில் மட்டும், விழுந்த கலத்துக்குக் கடல் கொஞ்சம் விலகி வழிவிட்டது.

கலத்தின் அருகில் நெருங்க விடக் கூடாது என்று கிளமெண்ட் சுற்றிக் கயிறு கட்டினார்.

கயிறு கட்டினால் வரிசை வந்துவிடும் என்பது மதுரைக்காரரான அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரிசை கூடத்தைச் சுற்றி, ராக்கெட் இன்ஜின்களைக் கடந்து, வெளியே போர் விமானத்தின் இறக்கை நிழல் வரைக்கும் போனது.

"சார், சிறப்பு தரிசனம் உண்டான்னு கேக்குறாங்க" என்றாள் பாண்டிமீனா.

"இல்லைன்னு சொல்லு."

"சொன்னேன். அப்ப இது உண்மையான சாமிதான்னு சொல்லிட்டுப் போறாங்க."

கண்ணில் பட்டால்தானே கும்பிடுவார்கள் என்று, மனைவி தெரசாவின் அலமாரியில் இருந்த பெரிய திரைச்சீலையைக் கொண்டுவந்து கலத்தை மறைத்தார். கூட்டம் கலைந்து போகவில்லை. சத்தம் போடாமல் தரையில் உட்கார்ந்துகொண்டது.

"ஏன் உக்காந்திருக்கீங்க?" என்று ஒருவரிடம் கேட்டார்.

"நட சாத்தியிருக்குல்ல அண்ணே. தொறக்கட்டும்."

நடுப்பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா வந்தார்கள். அவர்கள் டிக்கெட் வாங்கியதே விண்கலத்தைப் பார்க்கத்தான். வேறு வழியில்லாமல் கிளமெண்ட் திரையை விலக்கினார். உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சில் குலவை போட்டார்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சுற்றுலா மிகவும் பிடித்துப்போனது.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து கிளமெண்ட் வெளியே வந்தபோது பங்குத்தந்தை அவர் தோளில் கை போட்டார்.

"கிளமெண்ட், நம்ம சபை ஆளுகளே மெழுகுவர்த்தியோட அங்க வாராங்களாமே."

"ஃபாதர், கோரிப்பாளையத்துல இருந்து பாய்மாரு கூட மல்லிகப்பூ வாங்கிட்டு வாராங்க. நான் என்ன செய்யட்டும்? அது வெறும் விண்கலம் ஃபாதர்."

"எனக்குத் தெரியாதா?" என்ற பங்குத்தந்தை குரலைத் தாழ்த்தினார். "என் தம்பி கனடாவுல இருக்கான். எந்நேரம் வந்தா கூட்டம் கம்மியா இருக்கும்?"

பஞ்சாபகேசன் ஒரு தடவை நேரில் வந்து வரிசையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒளி வந்திருந்தது. வாசலில் ஒரு உண்டியல் வைத்தால் என்ன என்று கேட்டார்.

"சார், ஸ்யாமளா மேடம் வந்து இதப் பாத்தா கலத்தத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

ஒளி அணைந்தது. "அதுக்குள்ள சுத்தம் பண்ணிடும். இல்லேன்னா லாரி ஞாபகம் இருக்கட்டும்."

சுத்தம் செய்யக் கிளமெண்ட் தேர்ந்தெடுத்தது, அதிகாரி வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் காலை. அருங்காட்சியகம் திறக்க நேரம் இருந்தது. கையில் உறை போட்டுக்கொண்டார். எச்சில் தெறித்துவிடக் கூடாது என்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டார். ஒரு வாளி தண்ணீரோடு மேடையில் ஏறி, மெல்லிய துணியை நனைத்து, ஒவ்வொரு பொட்டாகத் துடைக்கத் தொடங்கினார்.

பேயாண்டி ஓடி வந்தார்.

"சார், கேட்டுல பெரிய கூட்டம். கம்பி வழியா நீங்க செய்யுறதப் பாத்துட்டாய்ங்க. பூசாரி வாயக் கட்டிக்கிட்டு அபிஷேகம் பண்றாருன்னு சொல்றாய்ங்க."

"நான் தொடச்சுக்கிட்டு இருக்கேன்யா."

"வாளித் தண்ணிய கீழ ஊத்திராதீங்க சார். கேட்டுல பாட்டிலோட நிக்கிறாய்ங்க."

"கேட்டத் தொறக்காத."

"தொறக்கல சார். அவங்களாத்தான் தொறந்துட்டு வாராங்க."

கூடம் நிறைந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நூறு கைகள் பாட்டிலோடு நீண்டன. முன்னால் அன்னக்கொடி. பக்கத்தில், லீவில் வந்த சார்ஜா மகன், புதுச் சட்டையில், என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, இம்புட்டுக்கூண்டு தீர்த்தம் குடுத்தாப் போதும்" என்றார் அன்னக்கொடி.

துடைக்கத் துடைக்கச் சந்தனம் போகவில்லை. பால் மாதிரி கரைந்து கலம் முழுக்கப் பரவியது. குங்குமம் அதோடு சேர்ந்து சிவப்பாய் வழிந்தது. "சாமி கோவமா இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் வரிசையில் நின்றிருந்த ஒரு கண்ணாடி போட்ட பெண்மணி மெதுவாக நகர்ந்து முன்னால் வந்தார். வெறுங்காலோடு இருந்தார். தோளில் லேப்டாப் பை.

"இங்க கிளமெண்ட் சார் யாரு?"

"நான்தான்மா. தீர்த்தம் கெடையாது, வரிசைய விட்டு வராதீங்க."

"நான் ஸ்யாமளா. பெங்களூர்லேர்ந்து வரேன். ஒரு நாள் முன்னாடியே வந்துட்டேன். உங்க செக்யூரிட்டி செருப்பக் கழட்டிட்டு லைன்ல நிக்கச் சொன்னார்."

துணி கிளமெண்டின் கையிலிருந்து வாளிக்குள் விழுந்தது. பேயாண்டி அப்படியே பின்வாங்கி, ஒரு ராக்கெட் இன்ஜினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கிளமெண்ட் வாயில் கட்டிய துணியை அவிழ்த்தார். பொய் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் மிச்சமில்லை.

"மேடம், எல்லாம் என் தப்பு. தொடக் கூடாதுன்னுதான் சந்தனம் வச்சேன். அது எங்கெங்கயோ போயிருச்சு. அதுக்கு முன்னாடி ஐஸ்கிரீமும் பட்டிருக்கு. ஒரு பய சாவியால கீறிட்டான்." அவர் கையுறைகளைக் கழற்றினார். "என்னய வேணா வேலைய விட்டு அனுப்பச் சொல்லுங்க, போயிர்றேன். இதக் கொண்டு போயிடாதீங்க மேடம். எங்க ஊர்ப் பிள்ளைக இன்னும் முழுசாப் பாக்கல."

என்னவென்று தெரியாவிட்டாலும் ஏதோ பெரிய விஷயம் என்று கூட்டத்துக்குப் புரிந்தது. பாட்டில்கள் இறங்கின.

"அந்தம்மாவுக்கும் வெளிநாட்டுல யாரோ மாட்டிக்கிட்டாங்க போல" என்று அன்னக்கொடி பரிதாபமாகச் சொன்னார்.

ஸ்யாமளா மேடையில் ஏறினார். கலத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். வழிந்த சிவப்பைப் பார்த்தார், பழுப்புக் கறையைப் பார்த்தார், பாதி இதயத்தைப் பார்த்தார். கீழே குனிந்து, விளிம்போரம் வரிசையாக இருந்த திருகாணிகளை விரலால் தடவினார்.

"இத யாரு இங்க நிறுத்தினது?"

"நான்தான் மேடம். கிரேன் வச்சு."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார், விண்கலத்து மேல ஒரு தூசி கூடப் படல" என்றார் ஸ்யாமளா. "இது லாரியில அடிபடாம இருக்க நாங்க மாட்டி அனுப்பின மூடி."