பூனை மீசைத் தண்ணி குடிச்சிட்டு ரத்தம் கொடுக்கப் போனேன்

நேத்து காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான். கிளினிக்குக்குப் போயி டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துட்டு வரணும். அவ்வளவுதான்.

எனக்கு இனிப்பு நீர் இருக்கு. போன தடவையே டாக்டர், “சீனி இப்படியே ஏறிட்டுப் போனா இன்சுலின் ஊசிதான்மா”ன்னு சொல்லிட்டாங்க. பத்து பாகாட் டவுன்ல ஒரு தையல் ஃபேக்டரியில வேலை செய்யிறவ நான். நாள் முழுக்க ஊசியோடதான் பொழப்பு. ஆனா அது துணியில ஏறணும், என் வயித்துல இல்ல!

இந்தப் பயத்தப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காகிட்ட சொல்லித் தொலைச்சேன்.

“இதுக்கா பயப்படுற? பூனை மீசை இலையும் காஞ்ச பாகற்காயும் போட்டுக் கொதிக்க வெச்சுத் தரேன். ஒரே ராத்திரியில இறங்கிடும் பாரு!”

பூனை மீசைன்னதும் பதறாதீங்க. மலாய்க்காரங்க வேலியோரமா மிசாய் கூச்சிங்னு நட்டு வெச்சிருப்பாங்களே, அந்தச் செடிதான்.

முந்தின நாள் ராத்திரியே ஒரு ஃபிளாஸ்க் நிறைய வந்துச்சு. குடிச்சேன். கசப்புன்னா கசப்பு, காது வரைக்கும் கசந்துச்சு! இவ்வளவு கசந்தா கண்டிப்பா வேலை செய்யும்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

காலையில மிச்சத்தையும் குடிச்சேன். சாப்பிடாம வரணும், தண்ணி மட்டும் குடிக்கலாம்னுதானே சொன்னாங்க? இதுவும் தண்ணிதானே! எதுக்கும் இருக்கட்டும்னு தினமும் போடுற இனிப்பு நீர் மாத்திரையும் போட்டுக்கிட்டேன்.

கார்ல வீட்டுக்காரர் கேட்டார். “என்ன, ஊசிக்குப் பயந்த ஆளு சிரிச்சிக்கிட்டு வர்ற?”

“இன்னிக்கு டாக்டரே அசந்துடுவாங்க, பாருங்க!”

நம்பர் எடுத்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எந்திரிச்சேன். டாய்லெட்! திரும்பி வந்தேன். மறுபடியும் ஓட்டம். அந்தத் தண்ணி இப்படி ஓட விடும்னு அக்கா சொல்லவே இல்ல!

கடைசியா வெளிய வந்தா, வீட்டுக்காரர் டாய்லெட் வாசல்லயே நிக்கிறார்.

“உன் நம்பரக் கூப்பிடுறாங்க! நான் போயி உட்காரவா?”

“போயி? உங்க ரத்தத்தையா கொடுப்பீங்க?”

அதுக்குள்ள நம்பர் போயிடுச்சு. புது நம்பர் எடுத்து உட்கார்ந்தேன். ஏர்கான் குளிர்ல எனக்கு மட்டும் வேர்க்குது. கை நடுங்குது.

“என்னங்க, சுவரு ஆடுது.”

“சுவரு இல்ல, நீதான் ஆடுற! மிஸ்ஸி! மிஸ்ஸி!”

அவர் கத்துன கத்துல நர்ஸ் ஓடி வந்து விரல்ல குத்திப் பார்த்தாங்க. மலாய்க்காரப் பொண்ணு.

“அலமாக்! சீனி ரொம்ப இறங்கிப் போச்சு!”

உடனே ஒரு கிளாஸ் சிவப்பு சிரப் தண்ணி. எனக்குப் பின்னால சுவத்துல பெரிய போஸ்டர், ‘இனிப்பைக் குறைப்போம்’னு. எதிர்ல உட்கார்ந்திருந்தவங்க போஸ்டரையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்க்குறாங்க.

“எனக்கு சீனி ஆகாது மிஸ்ஸி...”

“மினும் லா, காக்! குடிங்க!”

குடிச்சேன். வீட்டுக்காரர் என் கையப் பிடிச்சிக்கிட்டே நின்னார். “இப்ப எப்படி இருக்கு?”ன்னு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். அப்பதான் எனக்கே நெசமா பயம் வந்துச்சு.

கொஞ்சம் தெளிஞ்சதும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. நம்ம தமிழ்ப் பொண்ணு. எல்லாத்தையும் சொன்னேன்.

“வெறும் வயித்துலயா மாத்திரை போட்டீங்க? மாத்திரை சீனிய இறக்கும். இந்தத் தண்ணியும் இறக்கலாம். ரெண்டும் சேர்ந்தா ஆளையே இறக்கிடும்மா! இலையோ வேரோ, எங்ககிட்ட கேட்காம குடிக்காதீங்க.”

“ஊசிக்குப் பயந்துதான் டாக்டர்... இன்னிக்கு ஒரு நாளாவது சீனி கம்மியா காட்டட்டுமேன்னு...”

டாக்டர் கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டுச் சிரிச்சாங்க.

“நான் முக்கியமா பார்க்கப் போறது மூணு மாசத்துச் சீனிய. ராத்திரி குடிச்ச தண்ணி அதுல ஒண்ணும் பண்ணாது. தீபாவளிக்குச் சாப்பிட்ட அதிரசம் வரைக்கும் அதுல தெரியும்.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

காப்பி அடிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா, அன்னிக்கு என்ன பரீட்சைன்னாவது கேட்டுட்டுப் போகணும்!