நான்காம் மாடித் தீர்த்தம்

அந்தச் சனிக்கிழமை காலை, கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்து ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் படிக்கட்டில் கூடியிருந்தவர்கள்: மூட்டுவலிக்காரர்கள் ஒரு கூட்டம். பிள்ளை இல்லாத ஒரு மருமகள், அவளை முன்னே தள்ளிக்கொண்டு அவளுடைய மாமியார். வண்டி அடிக்கடி நின்றுபோகிறதென்று கார் சாவியை மந்திரிக்கக் கொண்டுவந்த டாக்சிக்காரர். படிக்காமலே தேர்வில் தேற விரும்பிய மாணவர்கள் இருவர். பூத்துக் குலுங்கும் ஜெரேனியம் தொட்டியைக் குழந்தைபோல இடுப்பில் வைத்திருந்த இரண்டாம் மாடி சோனுன்பு. வரிசையில் முதல் ஆளாக, காலி பாட்டிலோடு, மூன்றாம் மாடி தெமிர்குல். எல்லோருக்கும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு தெமிர்குலின் மனைவி புருல். அறிவு மட்டும் வரவில்லை. அதை யாரும் அழைக்கவுமில்லை.

இத்தனை பேரும் காத்திருந்தது நான்காம் மாடி மமிர்கானுக்காக. குடிவந்தபோது அவர் வெறும் மமிர்கான். இப்போது வைத்தியர் மமிர்கான். வெள்ளைக் கால்பாக் தொப்பி, தரையைப் பெருக்கும் நீளத்தில் அங்கி, உலகத்து நோய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: பாட்டிலில் அடைத்த பழுப்புத் தண்ணீர்.

அவர் வீட்டு உள்ளறை எப்போதும் பூட்டியே இருக்கும். உள்ளிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு முனகல் இரவும் பகலும் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத நாற்பது பெரியவர்கள் உள்ளே அமர்ந்து ஓதுகிறார்கள், அவர்கள் மூச்சு பட்டுத் தண்ணீர் தீர்த்தமாகிறது என்றார் மமிர்கான். நாற்பது பேர் உட்காரும் அளவுக்கு அந்த அறை பெரிதில்லை. கேட்டால், பெரியவர்களுக்கு உடம்பே கிடையாது என்பார். உடம்பில்லாதவர்களுக்கு மூச்சு ஏது என்று யாரும் கேட்கவில்லை.

அத்தாட்சி, சோனுன்புவின் செடி. பட்டுப்போக இருந்த ஜெரேனியத்துக்கு அவள் தீர்த்தம் ஊற்றினாள். அது தழைத்துப் பூத்தது. அன்றிலிருந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினாள்.

“சாகக் கிடந்த செடிக்கே உயிர் குடுத்த தண்ணி, உங்க முட்டிக்குக் குடுக்காதா?”

முட்டியும் செடியும் ஒன்றுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் புருல் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் மமிர்கான் ஒரு நிபந்தனை வைத்தார். தீர்த்தமும் மாத்திரையும் ஒரே வயிற்றில் இருந்தால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்களாம். உடனே தெமிர்குல் தன் ரத்த அழுத்த மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டார். மாத்திரையை நிறுத்தினால் மூளையில் நரம்பு வெடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்கு உள்ளறை கிடையாது, முனகல் கிடையாது. அவர் பேச்சை யார் மதிப்பார்கள்? முந்தாநாள் தெமிர்குல் படியேறும்போது பீட்ரூட் நிறத்தில் முகம் சிவந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“என்னங்க ஆச்சு?” என்று புருல் ஓடினாள்.

“ஒண்ணுமில்ல. தீர்த்தம் வேலை செய்யுது.”

புருலுக்கு வயிறு எரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தெமிர்குலே மீன் வளர்க்கிறவர். தலைக்கு மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் மின்பேருந்தை ஓட்டி ஓய்வுபெற்ற நாளிலிருந்து கட்டில் பக்கத்துக் கண்ணாடித் தொட்டிதான் அவர் உலகம். ஞாயிறுதோறும் ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு, கூழாங்கல்லுக்கு அடியில் படிந்த மீன் கழிவை வாளிக்குள் உறிஞ்சி எடுப்பார். கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுவார். வடிகட்டிப் பஞ்சை அந்த வாளித் தண்ணீரிலேயே பிழிவார். வாளியில் சேர்ந்த பழுப்பு நீரைப் பால்கனித் தக்காளிக்கு ஊற்றுவார். தக்காளி காடாய் வளரும். அதையெல்லாம் தன் கையால் செய்தவர், அதே நிறத் தண்ணீருக்குக் காலி பாட்டிலோடு முதல் ஆளாக நிற்கிறார்.

வியாழக்கிழமை புருல் தீர்த்த பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு, அவருடைய சொந்தத் தொட்டித் தண்ணீரை அதில் நிரப்பினாள். முகர்ந்ததுமே தெரிந்துகொள்வார் என்று நினைத்தாள். தெமிர்குல் முகரவில்லை. மடமடவென்று குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்பாடா! இன்னிக்கி ரொம்ப சக்தி.”

“அது உங்க மீன் தொட்டித் தண்ணி.”

தெமிர்குல் காலி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “பாட்டில்ல பழைய சக்தி ஒட்டியிருக்கும்டி.”

மறுநாள் சோனுன்புவின் பாட்டிலுக்குள் குட்டி நத்தை ஒன்று ஊர்ந்தது. மீன் தொட்டிகளில் அழையாமல் வந்து குடியேறும் அதே நத்தை. “இப்பவாவது புரியுதா?” என்றாள் புருல். சோனுன்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. “வெறும் தண்ணி உயிரையே பெத்திருக்கு அக்கா!” என்று பாட்டிலை முத்தமிட்டாள். பிள்ளை இல்லாத மருமகளை மாமியார் இழுத்துவந்தது இந்தச் செய்தியைக் கேட்டுத்தான்.

சனிக்கிழமை மமிர்கான் கதவைத் திறந்ததும் கூட்டம் முன்னறைக்குள் பாய்ந்தது. திரைச்சீலைகள் மூடியிருந்தன. எண்ணெய் விளக்கு ஒன்று எரிந்தது. இடம் கிடைக்காமல் டாக்சிக்காரரும் புருலும் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

“பேசாதீங்க!” என்றார் மமிர்கான். “பெரியவங்க ஓதுறதைக் காதுல வாங்குங்க.”

ம்ம்ம்ம்ம்.

புருலும் காதில் வாங்கினாள். இந்த முனகல் அவளுக்கு நன்றாகப் பழக்கம். வருடக்கணக்காகத் தலைமாட்டில் ஓடி அவள் தூக்கத்தைக் கெடுக்கிற சத்தம். மீன் தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார். இங்கே பல மோட்டார்கள் சேர்ந்து ஓதிக்கொண்டிருந்தன.

படிக்கட்டுச் சுவரில், அவள் தோளுக்குப் பக்கத்தில், அந்த மாடிக்கான மின்சாரப் பெட்டி இருந்தது. திறந்தாள். வீட்டெண் எழுதிய விசைகள்.

“என்ன அக்கா பண்றீங்க?” என்றார் டாக்சிக்காரர்.

“பாவம், ராத்திரி பகலா ஓதுறாங்க. கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்னு.”

மமிர்கானின் விசையைக் கீழே தள்ளினாள்.

முனகல் நின்றது. முன்னறையில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தார்கள். மமிர்கானுக்கு நெற்றியில் வேர்த்தது. ஆனாலும் தொழில் தெரிந்த ஆள்.

“அய்யோ! யாரோ மாத்திரையைத் தின்னுட்டு வந்திருக்கீங்க!” என்று கத்தினார். “பெரியவங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க! இனி ஏழு நாளைக்கு இந்தப் பக்கம் திரும்ப மாட்டாங்க!”

“நானில்ல! நான் கொட்டிட்டேன்!” என்று தெமிர்குல் மார்பில் அடித்துக்கொண்டார்.

புருல் விசையை மேலே தள்ளினாள்.

ம்ம்ம்ம்ம்.

“ஏழு நாள் ஓடிடுச்சா?” என்றாள் புருல் வாசலிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி. “இதோ, மறுபடி கிளம்புறாங்க பாருங்க.” முனகல் நின்றது. “வந்துட்டாங்க.” தொடங்கியது. “தண்ணி குடிக்கப் போறாங்க.” நின்றது.

டாக்சிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏன் வைத்தியரே, உங்க பெரியவங்க எல்லாம் கரண்ட்டுலதான் ஓடுறாங்களா?”

தெமிர்குலின் வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. புருல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“இத்தனை வருஷம் மின்பேருந்து ஓட்டினீங்களே. கம்பி விட்டுப்போனா வண்டி நின்னுடும். அப்பல்லாம் நாப்பது பேர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னா சொன்னீங்க? இறங்கிப் போய்க் கம்பியை மாட்டினீங்கல்ல?”

தெமிர்குல் திரும்பினார். பூட்டிய அறையைப் பார்த்தார். முதல் தடவையாகக் காற்றை முகர்ந்தார். “சோனுன்பு, அந்தக் கதவைத் தள்ளு” என்றார்.

“உள்ள போனா கண்ணு போயிடும்!” என்று மமிர்கான் குறுக்கே விழுந்தார். சோனுன்பு தொட்டியை மருமகளிடம் கொடுத்துவிட்டு, தோளால் ஒரே இடி இடித்தாள். யாருக்கும் கண் போகவில்லை. சிலருக்கு வந்தது.

உள்ளே சுவரெங்கும் அடுக்கடுக்காக மீன் தொட்டிகள். தரையில் ரப்பர் குழாய், பழுப்புத் தண்ணீர் வாளிகள், புனல், வரிசையாகத் தீர்த்த பாட்டில்கள். மமிர்கான் சந்தைக்கு மீன் வளர்க்கிறவர். வாளி வாளியாகச் சேரும் கழிவை எங்கே கொட்டுவது என்பது அவருக்கு முதலில் தலைவலியாக இருந்தது. பிறகு ஊரின் தலைவலிக்கே அதை மருந்தாக்கிவிட்டார். மீனின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அவருக்கு நன்றாகச் சோறு போட்டது.

தெமிர்குல் ஒரு வாளியில் விரலை நனைத்து முகர்ந்தார். “மீன் பீ” என்றார். பிறகு தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். “ஆனா கண்ணாடியெல்லாம் பளிச்சுனு வச்சிருக்கான். நல்லாப் பராமரிக்கிறான்.”

“இதையா வீட்டுல இருக்குற என் மாமியாருக்கு ஊத்தினேன்!” என்று சோனுன்பு அலறினாள். வாயைப் புறங்கையால் துடைத்தாள். “அவ கிடக்கா. நானும்ல குடிச்சேன்!”

செடிக்கு உரம் நல்லது, அதனால் செடி பூத்தது. இதைச் சொல்ல நாற்பது பெரியவர்கள் வேண்டியதில்லை. பால்கனியில் ஒரு தக்காளிச் செடி போதும். சோனுன்பு வாளியைத் தூக்கி, “வாய்யா வைத்தியரே, உனக்கும் ஒரு டம்ளர்” என்று திரும்புவதற்குள் மமிர்கான் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிகளில் உருண்டு இறங்கினார். மாணவர்கள் இருவரும் பின்னால் ஓடினார்கள். படிப்பில் காட்டாத வேகம்.

புருல் கணவரின் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தாள். மேசை இழுப்பறையிலிருந்து புதிய மாத்திரை அட்டையை எடுத்துவந்து, வாசலிலேயே ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

தெமிர்குல் அதைப் புரட்டிப் பார்த்தார். “இது மட்டும் வேலை செய்யும்னு எப்படித் தெரியும்?”

“இந்தக் கேள்வியை மேல் மாடியில கேட்டிருந்தா என் உயிர் போயிருக்காது. அழுத்தம் பாக்குற கருவி உள்ள இருக்கு. இப்பப் பாருங்க. தினமும் மாத்திரை போட்டுட்டுப் பாருங்க. நம்பர் எறங்குதா இல்லையான்னு உங்க கண்ணே சொல்லும். என்னையும் நம்ப வேணாம்.”

அவர் மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினார்.

அப்போதுதான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினாள். மொத்தக் கூட்டமும் படியில் நின்றது. முன்னால் அந்த மாமியார்.

“அக்கா,” என்றாள் குழைந்து, “நாப்பது பேரையும் ஒத்தக் கையால அடக்கிட்டீங்களே. எவ்வளவு பெரிய சக்தி! அந்தக் கையை எங்க வீட்டுப் பொண்ணு தலையில ஒரு தடவை வைங்க.”

மூட்டுவலிக்காரர்கள் தலையாட்டினார்கள். யாரோ காலி பாட்டிலை நீட்டினார்கள்.

புருல் அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். “மீன்கூட அதோட பீயைத் திங்காது. துப்பிடும். உங்களுக்கு அந்த அளவுக்காவது யோசனை வரட்டும், அப்புறம் வாங்க.”

தெமிர்குலை உள்ளே தள்ளி, பின்னாலேயே நுழைந்து, கதவைச் சாத்திப் பூட்டினாள்.