ஆட்டிசம் பத்தலை

ஒரு படத்தில் ஆட்டிசம் உள்ளவர் யாராவது காதலித்தால், அந்தக் காதல் இயல்பாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அரசாங்கத்தில் ஒரு குழு இருக்கிறது. அதற்கு நற்சித்தரிப்புக் குழு என்று பெயர். முன்பெல்லாம் இது கிடையாது. போன வருஷம் அப்படி ஒரு காதல் படம் சக்கைப்போடு போட்டதும் எல்லாத் தயாரிப்பாளர்களும் அதே மாதிரி எடுக்கக் கிளம்பினார்கள். கூலிங் கிளாஸ் மாதிரி அதுவும் ஒரு மோஸ்தராகிவிட்டது. மோஸ்தர் வந்தால் பின்னாலேயே குழு வரும்.

குழுத் தலைவர் அதற்கு முன் மீன்வளத் துறையில் இருந்தவர். ஆட்டிசம் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பது அபாண்டம். அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறார், ஒரு தடவை அழுதுமிருக்கிறார். அதில் நடித்து விருது வாங்கிய நட்சத்திரத்தையே குழுவின் நிபுணராகவும் போட்டிருந்தார்கள்.

இவர்கள் முன்னால் ஒரு பெண் இயக்குநர் தன் முதல் படத்தைக் கொண்டுவந்தார். ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கும் ஒரு தையல்காரிக்கும் காதல். கதாநாயகன் இயக்குநரின் சொந்தத் தம்பி. ஆட்டிசம் உள்ளவன், நிஜத்திலும் லிஃப்ட் மெக்கானிக். கதாநாயகி அந்தத் தம்பியின் மனைவி, நிஜத்திலும் தையல்காரி. பள்ளிக்கூடத்தில் தொடங்கிப் போன இடமெல்லாம் “நீ சரியில்லை” என்று திருத்தப்பட்டவன் அந்தத் தம்பி. ஒரு இடத்திலாவது அவன் அவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அக்கா இந்தப் படத்தையே எடுத்தார்.

படத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிடுகிறது. இருவரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு அவன் கதவைப் பார்த்துக்கொண்டே, “நீங்க பக்கத்துல இருந்தா சத்தம் கம்மியா கேக்குது” என்கிறான். அவள் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறாள். அவ்வளவுதான், அதுதான் காதல்.

விளக்கைப் போட்டதும் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எல்லாம் சரிம்மா. ஆனா ஆட்டிசம் பத்தலையே.”

“சார், அவனுக்கு நிஜமாவே இருக்கு. டாக்டரே சொல்லியிருக்காரு.”

“டாக்டர் சொல்லலாம்மா. ஜனங்க நம்பணுமே.”

நட்சத்திரம் பெருந்தன்மையோடு குறுக்கிட்டார். தம்பி நல்ல முயற்சி பண்ணியிருக்கிறார், ஆனால் பாத்திரத்துக்குள் இறங்கவில்லை என்றார். இன்னொரு உறுப்பினருக்குக் காதல்மேலேயே சந்தேகம். இப்படிப்பட்டவரை ஒரு பெண் விரும்புவாளா என்று கேட்டார்.

மூலையில் நின்றிருந்த தம்பி, “எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க” என்றான்.

“அது உங்க சொந்த விஷயம்ப்பா. திரையில என்ன தெரியுதோ அதைத்தான் நாங்க பாக்க முடியும்” என்றார் தலைவர்.

கதாநாயகனின் இயல்புத்தன்மை செயற்கையாக இருப்பதால் அன்னார் நிபுணரிடம் தக்க பயிற்சி பெற வேண்டும் என்று குழு தீர்மானித்தது. லிஃப்ட் காட்சியும் மாற வேண்டும். அவன் பெரிய பெருக்கல் கணக்கு ஒன்றை மனசிலேயே போட வேண்டும். மழை பெய்ய வேண்டும். அவள் கட்டிப்பிடித்ததும் அவன் வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். லிஃப்டுக்குள் எப்படி மழை பெய்யும் என்று அக்கா கேட்டார். மேலே ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளக் குழு அனுமதி அளித்தது.

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா அழுதார். இந்தப் படமே வேண்டாம், வா வீட்டுக்குப் போகலாம் என்றார்.

“பரவால்லக்கா. கை குலுக்கக் கத்துக்கிட்டேன். கண்ணைப் பாத்துப் பேசக் கத்துக்கிட்டேன். யாராவது சிரிச்சா கூடச் சிரிக்கக் கத்துக்கிட்டேன். இதையும் கத்துக்கறேன்.”

அதைக் கேட்டதும் அக்காவுக்கு இன்னும் அழுகை வந்தது.

பயிற்சி மாதக்கணக்கில் நடந்தது. தலையை எப்படிச் சாய்ப்பது, விரல்களை எப்படி ஆட்டுவது, விட்டத்தை எப்படி வெறிப்பது என்று நட்சத்திரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இதையெல்லாம் நான் செய்வதில்லையே என்று தம்பி சொன்னான். அதுதான் உங்களிடம் உள்ள குறை என்று நட்சத்திரம் விளக்கினார். தம்பியும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு மறுபடி நடித்தான். இப்போதுதான் அசலாக இருக்கிறது என்று குழு மகிழ்ந்து சான்றிதழ் கொடுத்தது.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. மழைக் காட்சியில் அழாதவர் கிடையாது. நான் கைக்குட்டை போதாமல் சட்டையில் துடைத்துக்கொண்டேன். தையல்காரியை மட்டும் தியேட்டர் பக்கம் காணவில்லை. தன் புருஷன் அந்தப் படத்தில் இல்லை என்று சொல்லிவிட்டாளாம்.

சிறந்த நடிகர் விருது தம்பிக்குத்தான். ஆட்டிசம் உள்ளவர்களே தோற்றுப்போகும் நடிப்பு என்று தலைவர் மேடையில் புகழ்ந்தார். தம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். போட்டோக்காரர் படம் சரியாக விழவில்லை என்று சைகை காட்டியதும் மறுபடி கட்டிக்கொண்டு மறுபடி துடைத்தார். கீழே நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினோம்.

தம்பி எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மைக்கைப் பிடித்தான். கிண்டல் என்பது அவனுக்கு வரவே வராது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“எனக்கு இந்த நடிப்பு வர ரொம்ப நாள் ஆச்சு. நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்திரிக்கிறீங்க, ஒரே மாதிரி தட்டுறீங்க, ஒண்ணா அழறீங்க. உங்களுக்கு யாரு பயிற்சி குடுத்தது?”

அடுத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து ஆள் என்ன செய்கிறார் என்று ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் பார்த்தோம். முன்வரிசையில் யாரோ கை தட்டினார்.

உடனே எல்லோரும் தட்டினோம்.