மொட்டை எனக்கு, மாலை அப்பாவுக்கு

என் அப்பா இரண்டு தடவை இறந்தார். முதல் தடவைக்கு நான்தான் காரணம். கத்தி பட்டது என் தலையில். போய்விட்டதாக எழுதப்பட்டது அவர் உயிர். (இதை அவரே பின்னாளில் கண்டவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தைரியத்தில்தான் நானும் எழுதுகிறேன்.)

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்க ஒரே பேச்சாக இருந்த வருஷம் அது. நான் ஒரு பஸ் கம்பெனியில் கண்டக்டர். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, எண்ணெய் தடவி மேலே தூக்கிவிட்ட முடி, பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு மீசை. அந்த முடியைப் பார்க்கவே தெங்கேராவில் பெண்கள் என் பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் வேறு பஸ் கிடையாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். இரண்டு பஸ்ஸை விற்றாகிவிட்டது, நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்றார். எல்லாம் வாய் வார்த்தைதான், கேட்டது நானும் பக்கத்தில் நின்ற ஒரு டிரைவரும். நானும் நல்ல பிள்ளையாகப் போகாமல் இருந்தேன். நான் வராததைப் பார்த்த கம்பெனி, "தானாக நின்றுவிட்டான்" என்று எழுதி வைத்துக்கொண்டது. வராதே என்றார்கள், வரவில்லை. வரவில்லை, அதனால் நானே விலகிவிட்டேனாம். (இந்த நியாயத்தை இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.)

எங்கள் தொழிற்சங்கத்தில் வேலை போனவர்களுக்கு உதவிப் பணம் உண்டு. ஆனால் கம்பெனி நிறுத்தியிருக்க வேண்டும். தானாக நின்றவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. ஆகவே என் விண்ணப்பம் அந்தரத்தில் தொங்கியது. அதைத் தொங்கவிட்டவர் சங்கத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணி ரத்தினம்.

கிராணி யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். அவர் முகம் எனக்குத் தெரியாது. உச்சந்தலை நன்றாகத் தெரியும். நான் போய் நின்றால் பேனா நிற்காமலே பதில் வரும்.

"பைலு மேல போயிருக்குப்பா. அடுத்த வாரம் வா."

அடுத்த வாரமும் அது மேலேதான் இருக்கும். அந்த ஆபீசுக்கு மாடியே கிடையாது. ஒரு தடவை நம்பிக்கையோடு அண்ணாந்து பார்த்தேன். ஒரு பல்லி இருந்தது.

காஜா பேராங்கில் எங்கள் வாடகை வீட்டில் நான், என் மனைவி சரோஜா, அப்பா என்று மூன்றே பேர். சரோஜாவிடம் தவணைக்கு எடுத்த ஒரு தையல் மெஷின் இருந்தது. என் வேலை போனபிறகு வீட்டில் உலை கொதித்தது அதனால்தான். அப்போது எல்லோருக்கும் புதுக் கொடி வேண்டியிருந்தது. கோப்பிக் கடை, பள்ளிக்கூடம், பக்கத்து வீடு என்று எல்லாப் பக்கமும் ஆர்டர். நான் உட்கார்ந்து நட்சத்திரம் வெட்டிக் கொடுப்பேன். பதினோரு முனை இருக்க வேண்டும். என் நட்சத்திரங்களுக்கு ஒருநாள் பத்து இருக்கும், ஒருநாள் பன்னிரண்டு இருக்கும்.

இந்த நிலையில் மெஷின் கடைக்காரர் சொல்லியனுப்பினார். நின்றுபோன தவணை மெர்டேக்காவுக்கு முன்னால் வராவிட்டால் ஆளை அனுப்பி மெஷினைத் தூக்கிவிடுவாராம். கோபம் வந்தால் சரோஜா பெடலை வேகமாக மிதிப்பாள். அன்றைக்கு மிதித்த மிதியில் மெஷின் சுவர்வரைக்கும் நகர்ந்து போனது.

"அம்மனுக்கு ஏதாவது வேண்டிக்குங்க," என்றாள் கடைசியில்.

"ஒரு தேங்கா ஒடச்சிரலாமா?"

"தேங்காய ஊரே ஒடைக்குது. உங்களுக்கு உசுரா இருக்கறதக் குடுங்க."

சொல்லிவிட்டு என் தலையைப் பார்த்தாள். நான் அவசரமாகக் கையை வைத்து மூடினேன். அப்பா நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். "குடுத்துர்றா. வீட்டுல எண்ணெயாச்சும் மிஞ்சும்." பிறகு கொஞ்சம் யோசித்து, "மீசைய மட்டும் தொடாத. நான் இன்னும் இருக்கேன்," என்றார்.

அது நியாயமான கவலைதான். எங்களில் தலையும் மீசையும் சேர்த்து எடுத்தால், பார்க்கிறவர்கள் அப்பா போய்விட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் மொட்டைக்குக் கூட்டம். முடி விழுவதைப் பார்க்கச் சகிக்காமல் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்தபோது மீசையும் இல்லை.

"என்னங்கண்ணே இது, மீசைய ஏன் எடுத்தீங்க?"

"மொட்டைன்னா மொட்டதான் தம்பி. வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? அடுத்த ஆளு வாங்க!"

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தன் நெஞ்சில் கைவைத்துத் துடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை தலையில் சந்தனம் குழைத்துப் பூசி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சங்கத்து ஆபீசுக்கு நடந்தேன். பாதி வழியில் மழை கொட்டியது. சந்தனம் கரைந்து கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. சேற்றில் செருப்பு வார் அறுந்தது, அங்கேயே விட்டுவிட்டேன். இப்படியாக, மழித்த தலையும் முகமும், நனைந்த வெள்ளை வேட்டியும், வெறும் காலும், சிவந்து நீர் வழியும் கண்களுமாக நான் போய் வாசலில் நின்றபோது, கிராணி ரத்தினம் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார்.

பேனா நின்றது. அவர் எழுந்தார்.

"உக்காருங்க தம்பி."

எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. கிராணி தன் கைக்குட்டையாலேயே நாற்காலியைத் துடைத்தார். எதிர்க்கடையிலிருந்து கோப்பி வரவழைத்தார்.

"அண்ணே, என் பைலு..."

"இந்த நேரத்துல அதப் பத்திப் பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்." அவர் கண் கலங்கியிருந்தது. "போன வருஷம் எனக்கும் இதே கதிதான். அந்த வேதன எனக்குத் தெரியும்."

அடப் பாவமே, இவருக்கும் வேலை போயிருந்ததா என்று என் மனசு இளகிவிட்டது. அவர் தோளைத் தொட்டு, "கவலப்படாதீங்கண்ணே. போனா என்ன, அதவிட நல்லதா வேற ஒண்ணு அமையும்," என்று தேற்றினேன். கிராணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதிர்ச்சியில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாராம். பின்னால் அவரே சொன்னது.

வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தேன். "சரோஜா! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா! கோப்பி வாங்கிக் குடுத்தாருடி!" என்றேன். அவள் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்தத் தெம்பில் மேலும் ஒரு கடையின் கொடி ஆர்டரை ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிராணி, சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூவரும் வெள்ளைச் சட்டை. ஒருவர் கையில் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை. நான் அப்போது உள்ளே குப்புறப் படுத்து நட்சத்திரம் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்வாசலில் கயிறு கட்டிச் சிவப்பும் வெள்ளையுமாகக் கொடித்துணி தொங்கியது. மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சரோஜா அதற்கு மேல் குரலெடுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

துக்க வீட்டில் யாரும் "வாங்க" என்று சொல்வதில்லை. வாசல் நாற்காலியில் இருந்த அப்பாவோ வாய் நிறைய வெற்றிலையோடு, "வாங்க வாங்க! பசியாறியாச்சா?" என்று வரவேற்றார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கிராணி தொண்டையைக் கனைத்தார். "பெரியவருக்கு வயசு என்ன இருக்கும்?"

"எழுவது தாண்டிருச்சு," என்றார் அப்பா.

"ரொம்ப நாளா ஒடம்புக்கு முடியலையோ?"

"சேச்சே. நேத்துகூட பாசாருக்கு நடந்து போய் மீன் வாங்கிட்டு வந்தாச்சு."

"நேத்தா?" என்றார் கிராணி.

அதற்குள் அப்பாவின் கண் மாலைமேல் விழுந்துவிட்டது. அவரும் ஒரு காலத்தில் பஸ் டிரைவராக இருந்து சங்கத்துக்குச் சந்தா கட்டியவர். மெர்டேக்காவை முன்னிட்டுப் பழைய ஆட்களைச் சங்கம் கௌரவிக்கிறது என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். வெற்றிலையைத் துப்பினார். துண்டை உதறித் தோளில் போட்டார். "எனக்கு எதுக்குங்க இதெல்லாம்," என்று சொல்லிக்கொண்டே கழுத்தைக் குனிந்து காட்டினார்.

மாலை வைத்திருந்தவர் என்ன செய்வார் பாவம். குனிந்த கழுத்தைப் பார்த்ததும் கை தானாகப் போட்டுவிட்டது.

"சம்முகம்!" என்று அப்பா கத்தினார். "இங்க வந்து பாருடா, ஒங்கப்பனுக்கு மால!"

நான் ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் நட்சத்திரமுமாக வெளியே வந்தேன். கிராணி என் மொட்டையைப் பார்த்தார். மாலையோடு சிரித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. எங்கள் கொடித்துணி நிறங்கள் இரண்டும் அதில் வந்து போயின.

"இவரா ஒங்க அப்பா?"

"ஆமாண்ணே."

"அப்ப... செத்தது யாரு?"

உள்ளே மெஷின் நின்றது. எனக்குக் கோப்பி, கைக்குட்டை, போன வருஷத்து வேதனை எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கின. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். சரோஜா ஓடிவந்து, விஷயம் புரிந்ததும், அப்பாவின் கழுத்திலிருந்து மாலையைப் பிடுங்கப் பார்த்தாள். அப்பா விடவில்லை. "போட்டது போட்டதுதான். இருக்கட்டும்மா," என்றார்.

கிராணி இரக்கப்பட்டு என் விண்ணப்பத்தில் "தகப்பனார் காலமானார்" என்று எழுதி, அவசரம் என்று குறித்து, தலைவரிடம் கையெழுத்துக்கு வைத்திருந்தார். இப்போது அது பொய்த் தகவலாகிவிட்டது. சங்கத்தை ஏமாற்றப் பார்த்தேனா என்று விசாரணை வைத்தார்கள். அது முடியும்வரை பணம் கிடையாது. மெர்டேக்காவோ வாசலுக்கு வந்துவிட்டது. நான் மெஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகப்போகிற மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள் சரோஜா. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

விசாரணைக்கு அப்பா கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சாட்சி தானே நடந்து வரும்போது கூப்பிட வேறு வேண்டுமா என்றார். சரோஜாவும் வந்தாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் தலைவர்.

"தையல் மெஷின்காரி. இன்னும் முழுசா இல்ல," என்றாள். பிறகு என்னைக் காட்டினாள். "இவரு வரலன்னு பாத்துட்டு, தானா நின்னுட்டாருன்னு கம்பெனி எழுதிச்சு. இவரு மொட்டையப் பாத்துட்டு எங்க மாமா செத்துட்டாருன்னு கிராணி எழுதினாரு. ரெண்டு பேருமே இவரக் கேக்கல. கேட்டிருந்தா இவரு சொல்லியிருப்பாரு. வாய் மட்டும் நல்லா பேசுவாரு."

(கடைசி வாக்கியம் அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம்.)

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "நான் செத்தா அவசரம், இருந்தா விசாரணையா? என்னங்க சங்கம் இது?" என்றார்.

தலைவர் மேஜைக்குக் கீழே எதையோ தேடுவது போலக் குனிந்தார். அவர் தோள் குலுங்குவதை எல்லோரும் பார்த்தோம். கிராணி மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்தார்.

"தலைவரே, தம்பி ஒரு வார்த்த பொய் சொல்லல. நானா பாத்தேன், நானா எழுதினேன். தப்பு என்னோடது."

அன்று மத்தியானமே அவர் பஸ் டிப்போவுக்குப் போனார். மேனேஜர் என்னை வர வேண்டாம் என்று சொன்னபோது பக்கத்தில் நின்ற டிரைவரிடம் நேரில் கேட்டார். அவர் நடந்ததை அப்படியே சொன்னார். அவ்வளவுதான், என் வழக்கு தீர்ந்தது. ஆனாலும் பணம் கைக்கு வர மெர்டேக்கா தாண்டிவிடும் என்றார்கள். இதைக் கேட்ட கிராணி என்னோடு மெஷின் கடைக்கு வந்தார். "இந்தக் குடும்பத்துக்கு நான் ஜாமீன்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கிராணி தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

மெஷின் எங்கள் வீட்டிலேயே தங்கியது. மெர்டேக்காவன்று காஜா பேராங்கில் பாதித் தெருவுக்குச் சரோஜா தைத்த கொடிதான். கோப்பிக் கடைக் கொடியில் மட்டும் நட்சத்திரத்துக்கு ஒரு முனை குறைந்தது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அப்பா மாசம் ஒரு தடவை கோட்டு மாட்டிக்கொண்டு சங்கத்து ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். கேட்டால், "இருக்கேன்னு கிராணிகிட்ட சொல்லிட்டு வந்துர்றேன்," என்பார். கிராணி நாற்காலியைத் துடைத்துப் போட்டுக் கோப்பி வாங்கித் தருவார். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டினால், "கேட்டியா, இல்ல மொட்டையப் பாத்தியா?" என்பது வழக்கமாகிவிட்டது. என் பேத்தி நேற்றுகூட என்னை அப்படிக் கேட்டாள்.

அப்பா அதற்கப்புறமும் பல வருஷம் இருந்து, ஒருநாள் விடியற்காலை தூக்கத்திலேயே போனார். கிராணி அப்போது ஓய்வு பெற்றுத் தடியூன்றி நடந்துகொண்டிருந்தார். மாலையோடு வந்தார். அப்பாவின் தலைமாட்டில் நின்றவர் மாலையைப் போடாமல் குனிந்து, "பெரியவரே," என்று மெல்லக் கூப்பிட்டார். கொஞ்சம் காத்திருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு கண்ணீரோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தத் தடவ கேட்டுட்டுப் போடறேன் தம்பி."

காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த சரோஜாதான் முதலில் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அடுத்து நான். பிறகு வீடே சிரித்தது, கிராணி உட்பட. பிணம் கிடக்கும் வீட்டில் சிரித்த குடும்பம் என்று காஜா பேராங்கில் எங்களுக்கு இன்றைக்கும் ஒரு பெயர் இருக்கிறது.